கரம்பொனில் ஐந்து பனைகள்

மரம் வெட்ட அனுமதி கேட்டு வரும் விண்ணப்பங்களைப் பார்வையிட, தீவுப் பகுதிக்கு இந்த மாதம் நான்கு பேர் புதிதாக வந்திருக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். உங்களுக்காக இரண்டு பக்கம் எழுதித் தரும்படி நான் வேலை பார்த்த கந்தோரில் இருந்து கேட்டார்கள். ஓய்வு பெற்றவளிடம் இரண்டு பக்கம் கேட்டால் எத்தனை பக்கம் வரும் என்று கேட்டவர்கள் யோசித்திருக்க வேண்டும். ஆகவே நீளத்துக்கு நான் பொறுப்பில்லை. படிவம் நிரப்புவது, காணி வரைபடம் கீறுவது, மரத்துக்கு வெள்ளைப் பெயின்ரால் இலக்கம் போடுவது எல்லாம் ஒரு கிழமையில் கைவந்துவிடும். அவற்றை நான் சொல்லப் போவதில்லை. அந்தப் படிவத்தின் நடுவில் ஒரு சின்னப் பெட்டி இருக்கிறது. பனைமரமாயின் ஆணா, பெண்ணா என்று அது கேட்கும். அந்தப் பெட்டியை நான் ஒருமுறை எப்படி நிரப்பினேன் என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

ஆண்பனை என்றால், ஏற்றுக்கொள்ளக்கூடிய காரணம் இருந்தால் வெட்ட விடலாம். பெண்பனையை இலேசில் வெட்ட விடக்கூடாது. பழம் தருவது அதுதான் என்பதால் சட்டம் அதைக் காக்கிறது. கேட்கும்போது எவ்வளவு எளிதாக இருக்கிறது! மாவோ புளியோ பலாவோ என்றால் எல்லாம் ஒரே மரத்தில் நடந்து முடிந்துவிடும். பனையில் ஒரு மரம் முழுக்க ஆண், இன்னொரு மரம் முழுக்கப் பெண். பூ வரும்வரைக்கும் இரண்டையும் பார்த்துப் பிரித்தறிய எந்தக் கெட்டிக்காரராலும் முடியாது. அதே விசிறி ஓலை, அதே கருக்கு மட்டை, அதே உயரம்.

அந்த மரம் வளரும் விதத்தைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பனங்கொட்டையை மண்ணில் போட்டால் முளை முதலில் மேலே வராது, கீழே போகும். நாம் அவித்துத் தின்னும் கிழங்கு அப்படிக் கீழே போனதுதான். தோண்டாமல் விட்டால் அதிலிருந்து ஓலைகள் ஒன்றொன்றாக வெளியே வரும். ஆனால் தண்டு வருடக்கணக்கில் மண்ணுக்குள்ளேயே இருந்து பருத்துக்கொள்ளும். அந்தப் பருவத்து மரத்தைத்தான் வடலி என்கிறோம். மாடு ஓலையைக் கடித்தாலும், காணிக்கு நெருப்பு வைத்தாலும், குருத்து மண்ணுக்குள் பத்திரமாக இருக்கும். பிறகு ஆறுதலாக, அவசரமில்லாமல் எழும்பி, பன்னிரண்டு பதினைந்து வருடம், சிலவேளை அதற்கும் மேலே, தான் ஆணா பெண்ணா என்பதை ஒருவருக்கும் சொல்லாமல் நிற்கும். சுண்ணாம்புக்கல்லுக்கு மேல் ஒரு முழ மண், அதற்குக் கீழே உவர்த்தண்ணீர், வருடத்தில் பாதி நாள் கடற்காற்று. இவ்வளவையும் சகித்துக்கொண்டு இத்தனை பொறுமையாக ஒரு உயிர் இருக்குமா என்று எனக்கு இன்றைக்கும் வியப்பு அடங்கவில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், பஸ் யன்னலால் பார்த்துக்கொண்டு போகும்போதே சில நாள் கண் கலங்கியிருக்கிறேன்.

பூ வந்துவிட்டால் சந்தேகத்துக்கு இடமில்லை. ஆண்பனையின் பாளை நீண்ட விரல்களாகப் பிரிந்து தொங்கும். அந்த விரல்களில் பொடிப் பூக்கள் நாள்கணக்கில் விரிந்து, காற்றுக்கும் தேனீக்கும் மகரந்தத்தை வாரிக் கொடுக்கும். பெண்பனையின் பாளையில் பருத்த காம்பு ஒன்றில் பூக்கள் உருண்டை உருண்டையாக உட்கார்ந்திருக்கும். அந்த உருண்டைதான் நுங்காகி, பிறகு மூன்று கொட்டைகளோடு பழமாகி, ஆடி ஆவணியில் தானாகக் கீழே விழும். இதெல்லாம் எனக்கு மனப்பாடம். பயிற்சியில் நல்ல புள்ளியும் எடுத்திருந்தேன். பிழை விடுவதற்கு அதைவிட நல்ல ஆயத்தம் கிடையாது.

எனக்கு இந்த உத்தியோகம் நாற்பதை நெருங்கும்போதுதான் கிடைத்தது. வந்த இரண்டாம் வருடம், கார்த்திகை மழைக்குள், கரம்பொனில் ஒரு காணிக்குப் பார்வையிடப் போனேன். காணிக்காரர் நடேசபிள்ளை. சிறுவயதிலேயே கொழும்புக்குப் போய், அங்கே வேலை பார்த்து ஓய்வு பெற்று, தகப்பனின் காணியில் ஒரு வீடு கட்டிக்கொண்டு வந்து இருக்க வேண்டும் என்ற ஆசையோடு வந்தவர். நல்ல மனிதர். சுவர் எழும்பிவிட்டது. கூரைக்கு மரம் வேண்டும். கிணற்றடியில் இருந்து வாசல் படலை வரைக்கும் வரிசையாக ஐந்து பனைகள் நின்றன. ஐந்தையும் வெட்ட அனுமதி கேட்டிருந்தார்.

"எல்லாம் ஆண்பனை, மிஸ்," என்றார். "நான் ஒவ்வொரு ஆவணி லீவுக்கும் இஞ்சை வந்து நிண்டனான். ஒரு நாளும் உதுகளிலை ஒரு பழம் காணேல்லை. வேணுமெண்டால் அயலிலை கேட்டுப் பாருங்கோ."

அயலிலும் கேட்டேன். பக்கத்து வீட்டு அக்கா, "இல்லைப் பிள்ளை, உந்த மரங்களிலை பழம் விழுந்து நான் அறியேன்," என்றார். நான் குடையைச் சரித்துப் பிடித்துக்கொண்டு மேலே பார்த்தேன். அந்த மாதத்தில் ஓலையைத் தவிர வேறொன்றும் தெரியாது. கீழே பார்த்தேன். பழத்தின் கோதோ முளைத்த கொட்டையோ ஒன்றும் இல்லை. ஆண் பாளையின் காய்ந்த விரல்களும் கிடக்கவில்லை என்பதைக் கண்டேன். கண்டும் அதை ஒரு பொருட்டாக எடுக்கவில்லை. ஐந்து மரத்திலும் ஆள் ஏறி ஏறித் தண்டு தேய்ந்து மினுங்கியது. அதையும் பார்த்தேன். படலைக்கு வெளியே ஒரு பெண் ஈர்க்குக் கட்டு ஒன்றோடு நனைந்துகொண்டு நின்றார்.

"ஆர் உவ?" என்று கேட்டேன்.

"உவ யோகம். உந்த மரங்களிலை ஏறுற தங்கராசாவின்ரை மனிசி," என்றார் நடேசபிள்ளை. "எங்கடை அப்பா காலத்திலை இருந்து தங்கராசாதான் கள்ளுக்குச் சீவுறவர். புரட்டாசியிலை ஓலை வெட்ட ஏறி, விழுந்து, இடுப்பெலும்பு முறிஞ்சு போட்டுது. யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரியிலை இருக்கிறார்."

"பாவம்," என்று சொல்லிவிட்டு ஐந்து பெட்டியிலும் ஆண் என்று எழுதினேன்.

இப்போது நீங்கள் சிரிக்கலாம். சீவும் மரம் பழுக்காது என்பது நம் ஊரில் பாலர் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். பாளை வெளியே வந்ததும் அதைக் கட்டி, தட்டி, நுனியைச் சீவி, கள் வடிய முட்டி கட்டிவிட்டால், அதில் பழம் எங்கிருந்து வரும்? ஆண்பனையையும் சீவலாம், பெண்பனையையும் சீவலாம். இரண்டுக்கும் கீழே நிலம் ஒன்றுபோலத் துப்புரவாகத்தான் இருக்கும். வருடக்கணக்காகச் சீவி வந்த மரத்தில் நடேசபிள்ளை ஒரு ஆவணியிலும் பழம் காணாததில் ஒரு அதிசயமும் இல்லை. மினுங்கிய தண்டையும் சீவும் கதையையும் பழம் இல்லாத நிலத்தையும் ஒன்றாக வைத்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. அந்த ஐந்து மரத்தின் உச்சியில் இருந்து பாளையைக் கையில் பிடித்த மனிதர் ஒருவர் உயிரோடு இருந்தார். அவருடைய மனைவி பத்தடி தள்ளி நின்றார். காணிக்காரரைக் கேட்டேன், அயலவரைக் கேட்டேன். மரம் ஏறுபவரின் மனைவியைப் படலைக்கு உள்ளே கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று எனக்குப் படவே இல்லை. அதற்கு மறதி காரணமில்லை. காணி உள்ள வீட்டில் பிறந்தவள் நான். யாரைக் கேட்க வேண்டும், யாரைக் கேட்கத் தேவையில்லை என்பது சின்ன வயதிலேயே எனக்குள் ஏறியிருந்தது.

மார்கழிக் கடைசியில் மரம் வெட்டினார்கள். இலக்கம் சரிபார்க்க நான் நேரில் நிற்க வேண்டும். ஊர்காவற்றுறைப் பஸ் பிந்தியதால் நான் போய் இறங்கும்போதே மெசின் வாளின் சத்தம் கேட்டது. படலையடியில் யோகம் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மிஸ், உதுகளை வெட்டவேண்டாம் எண்டு சொல்லுங்கோ. உதுகளிலை பொம்பிளை மரமும் நிக்குது."

"எது பொம்பிளை மரம்?"

"எது எண்டு எனக்குத் தெரியாது மிஸ். அவருக்குத்தான் தெரியும். அவர் சொல்லுறவர்." யோகம் என் கையை விடவில்லை. "அவருக்கு இனி ஏற ஏலாதாம். டாக்குத்தர் சொல்லிப்போட்டார். எனக்கு ஏறத் தெரியாது. ஆனா இந்த முறை சீவ ஆளில்லை. சீவாட்டில் பொம்பிளை மரம் பழுக்கும். பழம் கீழை விழும் மிஸ். பொறுக்க எனக்கு ஏலும். களியைக் காயவிட்டுப் பனாட்டுப் போடுவன், கொட்டையைப் புதைச்சுக் கிழங்கு எடுப்பன். நாங்கள் இனி அதிலைதான் சீவிக்கவேணும்."

இதைவிடத் தெளிவாக ஒருவர் என்னிடம் பேசமுடியாது. நான் என்ன செய்தேன் தெரியுமா? "அம்மா, நான் பாத்துத்தான் எழுதினனான்," என்று சொல்லிவிட்டு உள்ளே நடந்தேன். அந்த வசனத்தை நான் இன்றைக்கு எழுதும்போதும் முகம் சுடுகிறது. நான் கிணற்றடிக்குப் போய்ச் சேரவும் முதலாவது பனை சாயவும் சரியாக இருந்தது. பனை விழும் சத்தத்தை நீங்களும் கேட்பீர்கள். நிலம் ஒருமுறை காலுக்குக் கீழே அதிரும்.

மரம் வெட்டுகிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. விழுந்த பனையின் தலையைப் பிளந்து குருத்தை எடுத்துத் தின்பார்கள். வெள்ளையாக, இனிப்பாக, கையளவு துண்டு துண்டாக வரும். அன்றைக்கும் ஒருவர் கோடரியால் மட்டைகளைத் தட்டி நீக்கி, தலையைப் பிளந்தார். எனக்கும் ஒரு துண்டு வெட்டித் தரக் குனிந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"மிஸ், இஞ்சை பாருங்கோ."

மட்டையின் அடிக்கும் தண்டுக்கும் இடையில், வெளியே வர இன்னும் சில கிழமைகள் இருந்த பாளை ஒன்று இருந்தது. மேல் மடலை விரலால் நீக்கிப் பார்த்தேன். காம்பைச் சுற்றி வரிசை வரிசையாக, இறுக்கமாக, உருண்டை மொட்டுகள். அடுத்த மட்டைக்குள்ளும் ஒன்று. அதற்கடுத்ததிலும். அடுத்த ஆவணியில் யோகம் பொறுக்க இருந்த பழங்கள் முழுவதும் அந்தத் தலைக்குள் ஆயத்தமாக இருந்தன. எத்தனையோ வருடமாகச் சீவிக்கொண்டிருந்தபோதும் அந்த மரம் ஒரு வருடமும் பாளை விடுவதை நிறுத்தவில்லை. நான் நிறுத்திவிட்டேன். அந்த ஈர மண்ணில் அப்படியே குந்திவிட்டேன்.

வாள்காரர் இரண்டாவது மரத்தடிக்குப் போய்விட்டார். நான் கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னேன். நடேசபிள்ளை ஓடி வந்தார். அவருக்குக் கோபம் வந்ததில் நியாயம் இருந்தது. "உங்கடை கையெழுத்து மிஸ். அஞ்சும் ஆண் எண்டு நீங்கள்தானே எழுதித் தந்தனீங்கள்? லொறி வந்து நிக்குது. கூரை இல்லாமல் சுவர் மழையிலை நனையுது. இப்ப வந்து நிப்பாட்டு எண்டால் நான் என்ன செய்யிறது?"

கைபேசி தீவுக்கு வந்த புதிது. என்னிடம் ஒன்று இருந்தது. கந்தோரில் இருந்த என் மேலதிகாரியைக் கூப்பிட்டேன். அவருடைய பெயரை எழுத மாட்டேன். எழுதினால் அவருக்குப் பிடிக்காது. நடந்ததை ஒன்றும் மறைக்காமல் சொல்லி, என்ன செய்யட்டும் என்று கேட்டேன்.

"நீர் மரத்தடியிலை நிக்கிறீர். நான் கதிரையிலை இருக்கிறன்," என்றார். "முடிவை ஆர் எடுக்கிறது? நீர் எடும். எடுத்துப்போட்டு இஞ்சை வந்து, நடந்ததை அப்படியே எழுதித் தாரும்."

போன் வைத்துவிட்டார். அந்த நேரத்தில் அவர்மேல் எனக்கு வந்த எரிச்சலைச் சொல்லி முடியாது. பிறகு வேலையில் இருந்த காலம் முழுவதும் அவருக்கு மனதுக்குள் நன்றி சொல்லிக்கொண்டிருந்தேன்.

இப்போது யோசித்துப் பாருங்கள். நான்கு மரம் மிஞ்சி நிற்கிறது. நான்கையும் நிறுத்தினால் எனக்குப் பாதுகாப்பு. ஆனால் அதில் ஆண்பனை இருந்தால் அதை வெட்ட நடேசபிள்ளைக்கு உரிமை உண்டு. என் பிழைக்கு அவர் ஏன் நட்டப்பட வேண்டும்? எது ஆண், எது பெண் என்று எனக்குத் தெரியாது. பக்கத்தில் நிற்பதால் ஒரே பால் என்று சொல்ல முடியாது. பனையில் ஒவ்வொரு மரத்தின் கதையும் தனிக்கதை. மேலே ஏறிப் பார்க்க ஆளில்லை. ஏறினாலும் பாளை இன்னும் மட்டைக்குள்தான் இருந்தது. பிளக்காமல் தெரியாது, பிளந்தால் மரம் இருக்காது, ஏனென்றால் பனைக்கு ஒரே ஒரு குருத்துத்தான். மிஞ்சியது ஒருவர். அவர் யாழ்ப்பாணத்தில் கட்டிலில் கிடந்தார்.

யோகத்தைப் படலைக்கு உள்ளே கூப்பிட்டேன். இந்த முறை கூப்பிட்டேன். ஆஸ்பத்திரியில் தங்கராசாவுக்குத் துணையாக அவருடைய தங்கை நின்றார். அவரிடம் ஒரு போன் இருந்தது. இலக்கத்தை யோகம் மனப்பாடமாகச் சொன்னார். மூன்றாம் முறைதான் கிடைத்தது. நடேசபிள்ளைக்கும் கேட்கட்டும் என்று சத்தத்தைக் கூட்டிவைத்துப் பேசினேன்.

"தங்கராசா அண்ணை, நான் மரம் பாக்க வந்த மிஸ் கதைக்கிறன். கிணத்தடி மரம் விழுந்திட்டுது. அது பெண்."

"ஓம் மிஸ். அது பெண்தான்." குரல் மெலிந்திருந்தது. "நல்ல மரம்."

"மற்ற நாலும் எப்படி?"

நான் கட்டிலில் கிடக்கும் ஒருவரிடம், ஓலையும் கிணறும் படலையும் கண்ணில் படாத இடத்தில் வைத்து, இதைக் கேட்கிறேன். அவர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "கிணத்தடியிலை இருந்து ரெண்டாவது, கொஞ்சம் கடல் பக்கம் சரிஞ்சு நிக்கும், அது பெண். ஒரு வருசத்துக்கு எட்டுப் பாளை விடும். மூண்டாவது, அடியிலை பொந்து இருக்கும், அதுவும் பெண். நாலாவது ஆண். படலையடி மரம் பெண். பாளை சின்னன், ஆனா பிந்தித்தான் ஓயும்."

"நாலிலை ஒண்டுதான் ஆண் எண்டுறியளே?"

"ஓம். நாலாவது மட்டும்."

சரிந்த மரம் சரிந்து நின்றது. பொந்து இருந்த இடத்தில் பொந்து இருந்தது. ஆனால் அதெல்லாம் கீழே நின்று யாரும் பார்க்கக்கூடியவை. நான் பார்க்கத் தவறியது மேலே இருப்பதை. நடேசபிள்ளை மெதுவாகச் சொன்னார்: "மிஸ், அவர் தன்ரை மனிசிக்காகச் சொல்லலாம். இல்லாட்டில் நோ வருத்தத்திலை மாறிச் சொல்லலாம். நாலாவதும் பெண்ணா இருந்தால் என்ன செய்வியள்?"

அவர் கேட்டது சரிதான். அன்றைக்கு ஒரு பெண்பனையைக் கொன்றுவிட்டேன். இன்னொன்றும் போனால் என் உத்தியோகத்தை விடுங்கள், என்னாலேயே என்னைச் சகித்துக்கொள்ள முடியாது. ஆனாலும் அந்தக் குரலில் மயக்கம் இல்லை. அவர் மரங்களைப் பற்றிச் சொன்னது, நாம் கூடப்பிறந்தவர்களைப் பற்றிச் சொல்லும் விதமாக இருந்தது. நான் அனுமதிப் பத்திரத்தை எடுத்து, அதன் பின்பக்கத்தில் எழுதினேன்: ஒன்றாம் மரம் பெண், பிழையாக வெட்டப்பட்டது, பிழை என்னுடையது. இரண்டு, மூன்று, ஐந்து பெண், வெட்டக்கூடாது. நான்கு ஆண், வெட்டலாம். ஆண் பெண் விபரம் தந்தவர், மரம் ஏறும் தங்கராசா. கீழே கையொப்பம் வைத்தேன்.

நாலாவது மரம் விழுந்தபோது நான் கண்ணை மூடிக்கொண்டேன். கோடரிக்காரர் மட்டைகளைத் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு யோகத்தின் குரல்தான் முதலில் வந்தது. "மிஸ், பாருங்கோ." மட்டைக்குள் இருந்த பாளையை அவரே மடல் நீக்கிப் பிடித்திருந்தார். விரல்கள். நெருக்கமாக ஒட்டிய பிஞ்சு விரல்கள், ஒன்று, இரண்டு, மூன்று. நடேசபிள்ளை குனிந்து பார்த்தார், நிமிர்ந்து யோகத்தைப் பார்த்தார். "உன்ரை மனிசன் கெட்டிக்காரன்," என்றார். எனக்கு அழுகை வந்தது, மழைக்கு நன்றி.

அன்றைக்குப் பின்னேரமே எல்லாவற்றையும் எழுதி மேலதிகாரியிடம் கொடுத்தேன். இரண்டு முறை வாசித்தார். எச்சரிக்கைக் கடிதம் ஒன்று எனக்கு வந்தது, வந்திருக்கத்தான் வேண்டும். அதோடு அவர் ஒரு வேலை செய்தார். அந்த வருடம் நான் ஆண் என்று எழுதிய பனைகளில் இன்னும் வெட்டப்படாதவை எல்லாவற்றையும் திரும்பப் போய்ப் பார்க்கச் சொன்னார். "இந்த முறை ஆரைக் கேட்கவேணும் எண்டு உமக்குத் தெரியும்தானே," என்றார். போனேன். ஒவ்வொரு ஊரிலும் மரம் ஏறுபவர்களைத் தேடிப்போய்க் கேட்டேன். அவர்களிடம் நான் கற்றது எந்தப் பயிற்சியிலும் இல்லை. ஒருவர் ஒரு மரத்தின் பாளை எந்தப் பக்கமாக முதலில் வெளிவரும் என்று சொல்வார். இன்னொருவர் எந்த மரம் மழை பிந்தினால் கோபிக்கும் என்று சொல்வார். நான் வாயைப் பிளந்துகொண்டு கேட்டுக்கொண்டிருப்பேன்.

அடுத்த ஆவணியில், ஒரு காலை, கரம்பொன் பக்கம் வேலையாகப் போனபோது அந்தக் காணிக்குப் போனேன். நடேசபிள்ளையின் வீட்டுக்குக் கூரை வந்துவிட்டது. போதாத மரத்தை வேறிடத்தில் வாங்கியிருந்தார். அவர் மூன்றாவது மரத்தடியில், கையில் ஒரு பனம்பழத்தோடு நின்றார். சட்டை முழுக்க மஞ்சள் பிசின். "மிஸ், இந்த வாசம் தோய்ச்சாலும் போகுதில்லை," என்று பெருமையாகச் சொன்னார். சொந்தக் காணியில் விழுந்த பழத்தை அவர் வாழ்க்கையில் முதன்முதலாக மணந்துகொண்டிருந்தார். யோகம் வேலிக்கு அப்பால் தன் முற்றத்தில் பாயை விரித்து, பழக்களியை மெல்லியதாகத் தடவிப் பனாட்டுக்குக் காயவிட்டிருந்தார். மூன்று பாய்.

தங்கராசா அண்ணை தடியை ஊன்றிக்கொண்டு வெளியே வந்தார். அன்றைக்குத்தான் அவரை நேரில் கண்டேன். உயரம் குறைந்த, சிரித்த முகம் கொண்ட மனிதர். கதிரை கொண்டுவரச் சொன்னார், தேத்தண்ணி வந்தது. நான் கொண்டுபோன பிஸ்கட் பெட்டியை யோகத்திடம் கொடுத்துவிட்டு, சொல்ல வேண்டியதைச் சொன்னேன்.

"அண்ணை, கிணத்தடி மரம் என்னாலைதான் போச்சுது. மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

"போனது போட்டுது மிஸ். மூண்டு நிக்குதுதானே."

எனக்கு ஒரு கேள்வி எட்டு மாதமாக உள்ளே கிடந்தது. ஆண்பனையானாலும் அது ஓலை தரும். பாய் இழைக்கும் யோகத்துக்கு அது கைகொடுத்திருக்கும். கட்டிலில் கிடந்த அந்த நேரத்தில், தன் மனைவிக்கு ஒரு மரத்தையாவது கூடுதலாக மிச்சம் வைக்க அவருக்கு ஒரு சொல் போதும். அதைக் கேட்டேவிட்டேன். "அண்டைக்கு நாலும் பெண் எண்டு நீங்கள் சொல்லியிருந்தால் நான் நாலையும் நிப்பாட்டியிருப்பன். ஏன் சொல்லேல்லை?"

அவர் சிரித்தார். தேத்தண்ணிக் கோப்பையை நிலத்தில் வைத்தார்.

"சொல்ல நாக்கு நுனி வரைக்கும் வந்ததுதான் மிஸ். பொய் சொல்லுறன் எண்டு நினையாதேங்கோ, வந்தது. ஆனா நாப்பது வருசமா நான் உந்த மரங்களிலை ஏறி இறங்கினன். எத்தினை உத்தியோகத்தர் வந்து, கீழை நிண்டு பாத்து, எழுதிக்கொண்டு போயிருக்கினம். மேலை இருந்தவனை ஒருத்தரும் ஒண்டும் கேக்கேல்லை. நீங்கள் ஒராள்தான் கேட்டனீங்கள். முதல் முதலா ஒராள் கேட்டதுக்குப் பொய் சொல்லுறதே?"

நான் அவரைக் கேட்டது ஒரு மரம் விழுந்த பிறகுதான் என்பதை எடுத்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.